ஆக்கியோன் பெயரும் தானியங்கி எழுத்தும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாது கூடிவருவது எளிய செயலன்று. அதனைப் பாராட்டுதற்கு இம்மேடையில் என்னினும் தகுதியுடையோர் பலர் உளர். எனவே, வாழ்த்தும் பணியை அவர்களிடம் விடுத்து, எனக்கு அளிக்கப்பெற்ற நேரத்தை ஒரு பொருளை ஆராய்வதற்குப் பயன்படுத்த விழைகின்றேன். ஆதாயம் கருதித் தாமே எழுதித் தாமே வெளியிட்டுக்கொள்ளும் மென்பொருள் கருவிகளைப் பற்றியது என் உரை. கவிஞர் கூடிய அவையில் கருவிகளைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். சொல்லைப் போற்றுவோர், அச்சொல் பிறர் கைகளில் என்ன பாடுபடுகின்றது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே என் விடை.

கருவிகள் இயங்கும் முறை

2003ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. வலைப்பூக்களை எளிதில் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் அவ்வாண்டில் வெளிவந்தது. கூகுள் நிறுவனம் ஆட்சென்ஸ் என்னும் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. தம் பக்கத்தில் விளம்பரத்திற்கு இடம் தருவோர், படிப்பவர் அதனைச் சொடுக்குந்தோறும் ஒரு சிறு தொகையைப் பெறலாயினர். நேர்மையாக எழுதியோர் பலர்க்கு இது நல்ல துணையாயிற்று. ஆனால் ஒரு பக்கம் ஈட்டித் தருவது சில காசுகளே. ஆயிரம் பக்கங்கள் இருந்தால் அது வருவாயாகும். பத்தாயிரம் இருந்தால் வணிகமாகும். ஒருவர் பத்தாயிரம் பக்கங்களை எழுதுதல் இயலாது. எனவே, எழுதாமலேயே பக்கங்களைப் பெருக்கும் வழியைச் சிலர் நாடினர்.

அதற்கெனப் பிறந்த கருவிகள் நால்வகைப்படும். முதலாவது, அறுவடைக் கருவி. செய்தித் தளங்களும் வலைப்பூக்களும் தம் வாசகர் வசதிக்காக ஆர்.எஸ்.எஸ். என்னும் செய்தியோடையை வெளியிடுகின்றன. இக்கருவி, குறித்த சொற்கள் வரும் கட்டுரைகளை அவ்வோடைகளிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, உருமாற்றுக் கருவி. எடுத்த கட்டுரையின் சொற்களுக்கு மாற்றாக வேறு சொற்களைப் பெய்து, புதியது போலத் தோன்றச் செய்யும். மூன்றாவது, வெளியீட்டுக் கருவி. ஒரே நேரத்தில் நூறு கட்டுரைகள் வந்தால் ஐயம் எழுமாதலால், மனிதர் எழுதுவது போன்ற இடைவெளிகளில் ஒவ்வொன்றாக வெளியிடும். நான்காவது, பக்கங்களில் விளம்பரங்களைப் பொருத்தியும், ஒரே உரிமையாளரின் பல தளங்களை ஒன்றோடொன்று இணைத்தும், தேடுபொறியின் பார்வையில் அவற்றிற்கு மதிப்பை உண்டாக்கும் கருவி. இந்நான்கும் பொருத்தப்பட்ட பின்னர் உரிமையாளர் உறங்கலாம், தளம் எழுதிக்கொண்டிருக்கும்.

2005ஆம் ஆண்டில், அமெரிக்கத் தொழிலதிபர் மார்க் கியூபன் இத்தகைய குப்பைத் தளங்களைச் சுட்டும் 'ஸ்பிளாக்' என்னும் சொல்லைப் பரவலாக அறியச் செய்தார். ஒரு தீங்கிற்குத் தனிப் பெயர் வேண்டியிருந்தது என்பதே அதன் அளவை உணர்த்தும்.

பழைய கனவு

உழைப்பின்றி எழுத்தைப் பெருக்கும் ஆசை கணிப்பொறியோடு பிறந்ததன்று. 1726இல் வெளிவந்த 'கலிவரின் பயணங்கள்' நூலின் மூன்றாம் பகுதியில் ஜோனதன் சுவிப்ட் ஒரு சொற்பொறியைக் காட்டுகின்றார். இருபது அடிச் சதுரச் சட்டம். அதில் சொற்கள் ஒட்டப்பெற்ற மரத்துண்டுகள். சுற்றிலும் நாற்பது இரும்புக் கைப்பிடிகள். மாணவர் நாற்பதின்மர் அவற்றைத் திருக, சொற்களின் வரிசை மாறும். வாக்கியத் துணுக்குகள் போலத் தோன்றுவனவற்றைச் சிலர் எழுதிக்கொள்வர். கல்வியும் அறிவுத்திறனும் சிறிதுமின்றி, சிறு செலவில், எவரும் தத்துவம் முதல் கவிதை வரை நூல்கள் இயற்றலாம் என்று அப்பொறியை அமைத்த பேராசிரியர் பெருமிதத்தோடு கூறுகின்றார். சுவிப்ட் எழுதியது எள்ளல். பிற்காலத்து விளம்பரங்கள் அதனையே வாக்குறுதியாக்கின.

1952இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி என்பார் அங்கிருந்த கணிப்பொறியைக் காதல் கடிதங்கள் எழுதச் செய்தார். வாக்கிய அமைப்புகள் சில; அவற்றில் பெய்வதற்குப் பெயர்களும் பெயரடைகளும் வினைகளும் கொண்ட பட்டியல்கள்; அவ்வளவே. ஆயினும் ஒன்று இங்கு நோக்கத்தக்கது. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'எம்.யு.சி.' எனக் கையெழுத்து இருந்தது. அது மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணிப்பொறி என்பதன் சுருக்கம். எழுதியது பொறி என்பதைப் பொறியே ஒப்புக்கொண்ட எழுத்து அது. அதில் விளையாட்டு உண்டு, வஞ்சனை இல்லை.

அதற்கு மறுதலையான படத்தை 1953இல் வெளிவந்த சிறுகதைத் தொகுதி ஒன்றில் ரோல்டு டால் வரைந்தார். அவர் கதையில் ஒரு பொறியாளன் கதை எழுதும் இயந்திரத்தை அமைக்கின்றான். அதன் பின்னர் எழுத்தாளர்களை நாடி, வாழ்நாள் ஊதியம் தருவதாகக் கூறி, இனி எழுதுவதில்லை என்னும் உறுதியையும் அவர்தம் பெயரைப் பயன்படுத்தும் உரிமையையும் விலைக்கு வாங்குகின்றான். இயந்திரம் எழுதியதை விற்பதற்கும் ஒரு மனிதப் பெயர் வேண்டியிருந்தது. இறுதியில், பசித்த ஒன்பது குழந்தைகளின் அழுகுரலைக் கேட்டுக்கொண்டே கையெழுத்திட மறுத்து நிற்கின்றார் ஓர் எழுத்தாளர். ஏழு பதின்மங்களுக்கு முன் எழுதப்பெற்ற அக்கதையின் வினா இன்றும் நம் முன் நிற்கின்றது: எழுத்தின்மேல் உள்ள பெயருக்கு என்ன பொருள்?

பாயிரம் கேட்கும் வினாக்கள்

இவ்வினாவிற்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நன்னூல் தரும் பவணந்தியார், சிறப்புப் பாயிரத்தின் கூறுகளாக எட்டினை வகுக்கின்றார். அவற்றுள் ஆக்கியோன் பெயர், வழி, கேட்போர், பயன் என்னும் நான்கும் இங்கு நமக்கு வேண்டப்படுவன. இதனை யார் செய்தார்? எந்நூலின் வழியே செய்தார்? யார் கேட்பதற்காகச் செய்தார்? கேட்பதனால் விளையும் நன்மை யாது? நூலுக்குள் நுழையும் முன்னரே இவை அறிவிக்கப்பெற வேண்டும் என்பது நம் மரபு. வகுப்பறையில் மனப்பாடப் பகுதியாகச் சுருங்கிவிட்ட இந்நான்கு வினாக்களையும் தானியங்கி எழுத்தின்முன் வைத்துப் பார்ப்போம்.

முதலில் 'வழி'யைக் காண்போம். பிறர் நூலைத் தழுவி எழுதுவதைத் தமிழ் மரபு இழித்ததில்லை. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வழிநூலின் வகைகளைத் தொல்காப்பியமே பேசுகின்றது. ஆனால் வழிநூல் தன் முதனூலை மறைப்பதில்லை. கம்பர் வான்மீகியாரை மறைத்தாரில்லை. உருமாற்றுக் கருவியின் நோக்கமோ, மூலத்தை எவரும் அடையாளம் காணாதபடி செய்வதே. அது வழிநூலன்று, தடயம் அழித்த நகல்.

அத்தடயம் அழிக்கப்படும் முறை நம்மைப் போன்றோர்க்குச் சிறப்பாக உறுத்துவது. கட்டுரையின் பத்து இடங்களில் ஒவ்வொன்றிற்கும் மும்மூன்று மாற்றுச் சொற்களைக் குறித்துவிட்டால், அவ்வொரு கட்டுரையிலிருந்து 59,049 வடிவங்கள் பிறக்கும். ஒரு சொல்லுக்கு மாற்றாக வேறு சொற்களைத் தொகுத்துத் தருவது நிகண்டின் பணியல்லவா? சேந்தன் திவாகரம் முதலாகச் சூடாமணி வரையிலான நம் நிகண்டுகள், புலவன் தேர்ந்தெடுக்கும்பொருட்டுச் சொற்களை அடுக்கி வைத்தன. கருவியோ தேர்வின்றி எடுக்கின்றது. போது என்பது விரியத் தொடங்கும் பூ. மலர் என்பது விரிந்த பூ. வீ என்பது வீழ்ந்த பூ. செம்மல் என்பது வாடிய பூ. நிகண்டினை அறிவின்றிப் புரட்டும் பொறிக்கு இவை யாவும் பூவே. மணமகள் கூந்தலில் அது செம்மலைச் சூட்டும். சூட்டியது இன்னதென்பதை அறியவும் அறியாது.

இது வெறும் கற்பனையன்று. 2021ஆம் ஆண்டில் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாந்தர் மகசினோவ் என்னும் மூவர், அறிவியல் இதழ்களில் வெளியான கட்டுரைகளிலேயே இத்தகைய விகாரத் தொடர்கள் மலிந்திருப்பதை எடுத்துக்காட்டினர். செயற்கை நுண்ணறிவு என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் 'போலி உணர்வு' என்றாகும்படி உருமாறியிருந்தது. மார்பகப் புற்றுநோய் என்பது 'நெஞ்சப் பேரிடர்' என்றாகும்படி மாறியிருந்தது. ஒரு நோயின் பெயர் சிதைவதைச் சொற்குற்றம் என்று மட்டும் கொள்ளலாகாது. அப்பக்கத்தைத் தேடி வருபவர் நோயாளியாகவோ அவர்தம் மகளாகவோ இருத்தல் கூடும்.

அடுத்து, 'கேட்போர்'. இவ்வகைப் பக்கங்கள் எவர் படிப்பதற்காக எழுதப்பெறுகின்றன? தேடுபொறி படிப்பதற்காக. மனிதர் விளம்பரத்தைச் சொடுக்க வந்தால் போதும்; கட்டுரையைப் படிக்க வேண்டுவதில்லை. மனிதர் எழுதிய எழுத்தும் இதற்குத் தப்பவில்லை. டிமாண்டு மீடியா என்னும் அமெரிக்க நிறுவனம், மக்கள் எதனைத் தேடுகின்றனர், எத்தலைப்பிற்கு விளம்பர வருவாய் மிகுதி என்பவற்றைக் கணிப்பொறி கொண்டு கணித்துத் தலைப்புகளை வகுத்தது. கட்டுரை ஒன்றிற்கு 15 டாலர் அளவில் கொடுத்து எழுத்தாளர்களைக் கொண்டு நிரப்பியது. எதனை எழுதுவது என்பதைப் பொறி முடிவு செய்ய, எழுதும் கை மட்டும் மனிதருடையதாயிற்று. 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றி இத்தகைய தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. 'பாண்டா' எனப்பெற்ற அம்மாற்றம், அமெரிக்காவில் நிகழ்ந்த தேடல்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைப் பாதித்தது என்றால், குப்பை எவ்வளவு குவிந்திருந்தது என்பதை உய்த்துணரலாம்.

'பயன்' என்பது மூன்றாவது. அறம் பொருள் இன்பம் வீடு அடைதல் நூற்பயன் என்பது நம் இலக்கணம். கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், நின்று பயனின்மை என நன்னூலார் எண்ணும் நூற்குற்றங்களை இக்கருவிகள் பொருள் ஈட்டும் உத்திகளாகவே கொண்டன.

பொருள் ஈட்டுதல் தவறா என்று கேட்கலாம். தவறன்று. நம் பாணரும் புலவரும் பரிசில் பெற்றே வாழ்ந்தனர். கவிஞர்க்கு ஊதியம் வேண்டாம் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு செய்தியை நினைவுகூர்தல் தகும். அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்ற பெருஞ்சித்திரனாருக்கு, அவன் நேரில் காணாமலேயே பரிசிலை அனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தன்னையும் தன் கல்வியையும் காணாது தரும் பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வணிகரல்லர் என்பது அவர் கொண்ட நிலை. புறநானூற்றின் 208ஆம் பாட்டு அது. தருவோரும் பெறுவோரும் ஒருவரையொருவர் காண்பதை அவர் பரிசிலின் உயிராகக் கருதினார். தானியங்கித் தளத்தில் எழுதுவோர் இல்லை, படிப்போர் கருதப்படுவதில்லை, விளம்பரம் தருவோர் தம் விளம்பரம் எங்கே ஒட்டப்பட்டது என்பதைப் பெரும்பாலும் அறியார். எவரும் எவரையும் காணாத அவ்விடத்தில் பொருள் மட்டும் கை மாறுகின்றது.

2022க்குப் பின்

இதுவரை கூறியவை பழைய கருவிகளைப் பற்றியன. அவற்றின் எழுத்தை இரண்டு வரிகளில் கண்டுகொள்ளலாம். சொற்கள் ஒன்றோடொன்று பொருந்தா. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் நிலைமை மாறிற்று. பெரும் மொழி மாதிரிகள் எழுதும் வாக்கியங்கள் இலக்கணத்தோடு அமைகின்றன. குப்பை குப்பையைப் போலத் தோன்றாத காலம் வந்துவிட்டது.

இதன் முதல் அடி இலக்கிய இதழ்களின் மீதே விழுந்தது. கிளார்க்ஸ்வேர்ல்டு என்பது அமெரிக்காவிலிருந்து வெளிவரும் மதிப்பிற்குரிய அறிவியல் புனைகதை இதழ். புதியவர்க்கும் வாய்ப்பளித்து, சொல் எண்ணிச் சன்மானம் தருவது அதன் மரபு. 2023 பிப்ரவரியில் அவ்விதழுக்குப் பொறி எழுதிய கதைகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. அம்மாதம் 20ஆம் நாள், படைப்புகளைப் பெறுவதையே இதழ் நிறுத்தியது. மறுமாதம் மீண்டும் தொடங்கியது. அனுப்பியோரிற் பலர் அவ்விலக்கிய வகையில் ஈடுபாடு உடையோர் அல்லர் என்றும், எளிதில் பணம் ஈட்ட வழி சொல்வோரின் அறிவுரையைக் கேட்டு வந்தோர் என்றும் அதன் ஆசிரியர் நீல் கிளார்க் கூறினார். வலைப்பூக்களை நிரப்பிய அதே ஆசை, கருவி மாறியவுடன் இதழின் வாயிலுக்கு வந்தது. வாயில் அடைபட்ட அந்நாட்களில், முதற்கதையை எழுதிக் கையில் வைத்திருந்த எவரோ ஓர் இளைஞரும் வெளியே நின்றிருப்பார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டில், ஜேன் பிரீட்மன் என்னும் அமெரிக்க எழுத்தாளர், தாம் எழுதாத நூல்கள் தம் பெயரால் அமேசான் தளத்தில் விற்கப்படுவதைக் கண்டு வெளிப்படுத்தினார். அவை பின்னர் நீக்கப்பெற்றன. டாலின் கதையில் பெயரை விலைக்கேனும் வாங்கினர். இங்கோ கேளாமலே எடுத்துக்கொண்டனர். அடுத்த மாதத்தில் அமேசான், ஒருவர் ஒரு நாளில் மூன்று நூல்களுக்கு மேல் வெளியிடலாகாது என வரம்பு விதித்தது. நாளொன்றுக்கு மூன்று நூல் என்பது ஒரு கட்டுப்பாடாக அறிவிக்கப்பெற்ற காலத்தில் நாம் வாழ்கின்றோம்.

தமிழும் இதற்கு விலக்கன்று. 2018 பிப்ரவரியில் ஆட்சென்ஸ் திட்டம் தமிழ்ப் பக்கங்களுக்கும் விரிவுபடுத்தப்பெற்றது. தமிழில் எழுதி வருவாய் பெற வழி பிறந்தது நன்றே. அவ்வழியே தமிழைப் பெருக்கிக் கொட்டும் பொறிகளும் வரும் என்பதை மறத்தலாகாது.

அதே கணிப்பொறி, அதே இணையம். ஆயினும் வேறுவகைப் பணி ஒன்றும் நம்மிடையே உண்டு. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், உலகெங்கும் வாழும் தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தந்துவருகின்றது. அதன் நூல்களின் முகப்பில் உள்ளீடு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்கள் நன்றியுடன் குறிக்கப்பெறுகின்றன. ஆக்கியோன் பெயரும் வழியும் அங்கே மறைக்கப்படவில்லை. ஆகவே, குற்றம் கருவியினுடையது என்று நான் கூற வரவில்லை. பாயிரத்தின் வினாக்களுக்கு விடை தர மறுக்கும் எழுத்தே குற்றமுடையது.

வட்டம் செய்யத்தக்கது

இனி, நம் வட்டம் யாது செய்யலாம்? கவிதைகளை ஏதேனும் ஒரு சோதனைக் கருவியில் இட்டு, மனிதர் எழுதியதா பொறி எழுதியதா எனக் கண்டறியலாம் என்று சிலர் கூறுகின்றனர். அதனை நான் வன்மையாக மறுக்கின்றேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட சோதனைக் கருவியை அதன் துல்லியம் குறைவு எனக் கூறி 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய கட்டுரைகளுள் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் பொறி எழுதியவை எனத் தவறாகக் கூறியதை, அதே ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டிற்று. எளிய சொற்களில் எழுதுவோர் மீதே பழி விழுந்தது. முதன்முதலாக நம் அவைக்கு வரும் ஒரு மாணவியின் கவிதையை ஒரு பொறியின் சொல்லைக் கேட்டு நாம் ஐயுறுவோமாயின், ஒரு கவிஞரை வாசலிலேயே இழந்தவர்களாவோம்.

நம்மிடம் அதனினும் சிறந்த முறை ஒன்று உண்டு. பத்தாண்டுகளாக நாம் செய்துவருவதே அது. கவிதை எழுதியவர் எழுந்து நின்று வாசிக்கின்றார். ஒருவர் வினவுகின்றார்: இவ்விடத்தில் மலர் என்னாது வீ என்றது ஏன்? எழுதியவர் விடை கூறுகின்றார். சில வேளைகளில் விடை கூற இயலாது அச்சொல்லை மாற்றிக்கொள்கின்றார். இதனினும் நுட்பமான சோதனை வேறில்லை. பழித்தற்கு எழுந்ததன்று இம்முறை, வளர்த்தற்கு எழுந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்க ஒருவர் எதிரே நிற்கின்றார் என்பதே இதன் வலிமை.

இதனை இன்னும் சற்று முறைப்படுத்தலாம் என்று கருதுகின்றேன். நம் தொகுப்புகளில் இடம்பெறும் படைப்பு ஒவ்வொன்றோடும் ஒரு சிறு பாயிரம் அமையட்டும். எழுதியவர் யார், எதனைத் தழுவியது, எக்கருவியின் துணை கொண்டது, யாரை நோக்கியது என்பவை நான்கு வரிகளில் அடங்கும். பிழைதிருத்தக் கருவியைப் பயன்படுத்தியவர் அதனைக் கூறுவதில் இழுக்கில்லை. மொழிபெயர்ப்பிற்குப் பொறியின் துணை கொண்டவர் அதனைக் கூறினால் நாம் அதற்கேற்ப மதிப்பிடுவோம். மறைத்தல் ஒன்றையே நாம் ஏற்க வேண்டுவதில்லை. படைப்பைப் பெற்றுக்கொள்ளும் நம் வாயிலையும் இறுக அடைக்க வேண்டுவதில்லை. எழுதியவரை ஒருமுறையேனும் அவையில் கண்டு, அவர்தம் குரலில் கேட்டு, அதன்பின் அச்சிடுவோம் என்னும் வழக்கத்தை உறுதியாக்கிக்கொண்டால் போதும். தொலைவில் உள்ளோர் தொலைபேசி வழியே வாசிக்கட்டும்.

இவ்வாறு செய்வதால் நம் மலர்கள் மெலிந்து போகலாம். ஓர் ஆண்டில் நாற்பது கவிதைகள் மட்டுமே தேறலாம். நாளொன்றுக்கு மூன்று நூல் வெளியிடுவோரோடு நாம் எண்ணிக்கையில் போட்டியிட இயலாது, போட்டியிடவும் வேண்டா. அந்நாற்பதையும் எழுதியோர் நாற்பதின்மரை நாம் முகமறிவோம் என்றால், அடுத்த பத்தாண்டுகளுக்கு இவ்வட்டம் கூடுவதற்கு அதுவே போதிய காரணமாகும்.